கோயில் யாருடையது? அமெரிக்காவின் திருச்சபைச் சொத்து வழக்குகள் ஏன் ஊருக்கு ஊர் வேறு முடிவு பெறுகின்றன

2022 ஏப்ரல் 20 அன்று தென் கரோலினா மாநில உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 29 கோயில்களின் சொத்துரிமையை முடிவு செய்தது. அந்த 29 பங்குகளும், அதாவது ஊர்ச் சபைகளும், 2012 இல் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்கச் சபையான எபிஸ்கோப்பல் திருச்சபையிலிருந்து தங்கள் பிஷப்போடு சேர்ந்து விலகியவை. விலகியதற்கு அவை சொன்ன காரணங்களும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 14 கோயில்கள் தேசிய திருச்சபைக்குச் சேர வேண்டும் என்றும், மற்ற 15 கோயில்கள் விலகியவர்களிடமே இருக்கலாம் என்றும் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மறுவிசாரணை கேட்ட பங்குகளின் ஆவணங்களை நீதிமன்றம் மறுபடி வாசித்து, முந்தைய 14 இல் 6 கோயில்களைப் பங்கு மக்களிடமே விட்டது.

செய்தியாகப் படித்தவர்களுக்கு இது நீதிமன்றத்தின் தடுமாற்றமாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில், அமெரிக்கச் சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளாக எந்தத் திசையில் நடந்து வந்ததோ, அதன் இயல்பான விளைவுதான் இது. ஒரு சபை இரண்டாகப் பிரிந்தால் எது உண்மையான சபை என்று கேட்க அந்நாட்டு நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டுமே அவர் கேட்கலாம். 29 கோயில்களுக்கு 29 விதமான காகிதங்கள் இருந்தன. ஆகவே ஒரே விடை வரவில்லை.

முதலில் சில சொற்கள்

தமிழ்நாட்டில் கத்தோலிக்கர் 'பங்கு' என்றும் தென்னிந்தியத் திருச்சபையினர் 'சேகரம்' என்றும் சொல்வது, ஒரு கோயிலையும் அதைச் சார்ந்த மக்களையும் சேர்த்துக் குறிக்கும் அடிப்படை அலகு. இக்கட்டுரையில் அதைப் பங்கு என்றே குறிப்பிடுகிறேன். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம்; அதற்கே திருமண்டலம் என்ற பெயரும் உண்டு. அதற்கும் மேலே நாடு தழுவிய அமைப்பு இருக்குமானால் அதைத் தலைமைச் சபை என்று அழைக்கலாம்.

எல்லாச் சபைகளுக்கும் இந்த ஏணி இல்லை. பாப்டிஸ்ட் சபைகளில் ஒவ்வொரு ஊர்ச் சபையும் தனக்குத் தானே தலைமை. அங்கே சண்டை வந்தால் பெரும்பாலும் உறுப்பினர் வாக்கெடுப்பே முடிவு சொல்லிவிடும். கத்தோலிக்க, எபிஸ்கோப்பல், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மேலே ஓர் அதிகார அடுக்கு உண்டு. நீதிமன்றங்களைத் திணறடிப்பவை இவைதான்.

'டிரஸ்ட்' என்ற சட்டக் கருத்தும் இங்கே முக்கியம். ஒரு சொத்து ஒருவர் பெயரில் இருக்கும். ஆனால் அதை அவர் இன்னொருவரின் நன்மைக்காகவே வைத்திருப்பார். பெயரில் வைத்திருப்பவர் டிரஸ்டி, நன்மை பெறுபவர் பயனாளி. அமெரிக்க வழக்குகளில் வாதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. பத்திரம் பங்கின் பெயரில் இருப்பதை எவரும் மறுப்பதில்லை. பங்கு அதைத் தனக்காக வைத்திருக்கிறதா, தலைமைச் சபைக்காக டிரஸ்டியாக வைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

லூயிவில்: முதல் விதி பிறந்த இடம்

பழைய ஆங்கிலேயச் சட்டம் நீதிபதியை இறையியல் அறிஞராக்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்டன் பிரபு வகுத்த விதிப்படி, கோயில் கட்டியவர்களின் கொள்கை எதுவோ அதிலிருந்து விலகாத தரப்புக்கே சொத்து சேரும். எனவே, கொள்கையிலிருந்து விலகியவர் யார் என்பதை நீதிபதி ஆராய்ந்தாக வேண்டும்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரின் வால்நட் தெரு பிரெஸ்பிட்டேரியன் கோயிலில் இந்தச் சிக்கல் எழுந்தது. அடிமைமுறை இறைவன் வகுத்தது என்று நம்பியவர்கள் மனம் வருந்தினால்தான் உறுப்பினராகச் சேர்க்கப்படலாம் என்று தலைமைச் சபை அறிவித்திருந்தது. கோயில் மக்களில் ஒரு பகுதியினர் தலைமைச் சபையை ஏற்றனர். இன்னொரு பகுதியினர் எதிர்த்தனர். கென்டக்கி நீதிமன்றம் எதிர்த்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆற்றுக்கு அக்கரையில் இண்டியானாவில் குடியிருந்த உறுப்பினர்கள், வேறு மாநிலத்தவர் என்ற தகுதியில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாட்சன் எதிர் ஜோன்ஸ் என்ற அந்த வழக்கில் 1872 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எல்டன் விதியைத் தூக்கி எறிந்தது. சட்டம் எந்த மதக் கோட்பாட்டையும் தாங்கிப் பிடிப்பதில்லை, அதற்கு வேதப்புரட்டு என்று ஒன்றைத் தெரியாது என்பது அத்தீர்ப்பின் மையக் கருத்து.

அதற்குப் பதிலாக நீதிபதி சாமுவேல் மில்லர் மூன்று வகைகளைப் பிரித்தார்.

1. சொத்தைக் கொடுத்தவர், இன்ன கொள்கைக்காகவே இது என்று பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் அந்த நிபந்தனை காப்பாற்றப்படும்.
2. ஊர்ச் சபையே உச்ச அதிகாரமாக இருக்கும் அமைப்பில், பெரும்பான்மையினர் சொல்வதோ சபையின் சொந்த விதியோ செல்லும்.
3. மேலே அதிகார அடுக்கு உள்ள சபையில், அந்த அடுக்கின் உச்ச அமைப்பு என்ன முடிவு செய்ததோ அதை நீதிமன்றம் அப்படியே ஏற்கும்.

மூன்றாவது வகை தலைமைச் சபைகளுக்குப் பெரிய பலம். 'பணிந்து ஏற்றல்' என்று இதைச் சொல்லலாம். பிஷப்புகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் இதை நம்பியே இருந்தார்கள். 1952 இல் நியூயார்க் நகரின் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பேராலயத்தை மாஸ்கோ தலைமையிடமிருந்து விடுவிக்க மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, இந்தக் கொள்கை, மதச் சுதந்திரத்தைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தத்தோடு இணைந்துவிட்டது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் மாஸ்கோவுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சவானா: ஜூரிகள் இறையியல் பேசிய வழக்கு

வாட்சன் வழக்குக்குப் பிறகும் சில மாநிலங்கள் எல்டன் விதியை விடவில்லை. ஜார்ஜியா அவற்றுள் ஒன்று. அம்மாநிலத்தின் சவானா நகரில் இரண்டு பிரெஸ்பிட்டேரியன் பங்குகள் 1966 இல் தலைமைச் சபையிலிருந்து விலகின. பெண்களுக்குக் குருப்பட்டம், வியட்நாம் போர் குறித்த அறிக்கைகள், பள்ளிகளில் வேதவாசிப்பை நீக்குவதற்கு ஆதரவு, ஞாயிறுபள்ளிப் பாடநூல்கள் என்று அவர்களது குறைப்பட்டியல் நீண்டது. தலைமைச் சபை தன் ஆணையத்தை அனுப்பிக் கோயில்களைப் பொறுப்பேற்க முயன்றது. பங்குகள் அதை அத்துமீறல் என்று சொல்லி வழக்குத் தொடுத்தன.

கோயில் சொத்தில் தலைமைச் சபைக்கு ஒரு மறைமுக டிரஸ்ட் உரிமை உண்டு, ஆனால் பங்கு இணைந்த காலத்துக் கொள்கையைத் தலைமைச் சபை கைவிடாதிருந்தால்தான் அது செல்லும் என்பது ஜார்ஜியாவின் அப்போதைய சட்டம். ஆகவே, தலைமைச் சபை தன் அடிப்படை விசுவாசத்தைக் கைவிட்டதா என்ற கேள்வி சாதாரணக் குடிமக்கள் கொண்ட ஜூரியின் முன் வைக்கப்பட்டது. ஆம் என்று ஜூரிகள் சொன்னார்கள், பங்குகள் வென்றன. 1969 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாக ரத்து செய்தது. எந்தக் கொள்கை அடிப்படையானது, எது விலகல் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று அது சொன்னது.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரியாது. வழக்கு ஜார்ஜியாவுக்குத் திரும்பியபோது, நிபந்தனை போய்விட்டால் அந்த மறைமுக டிரஸ்ட்டும் நிற்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. வாஷிங்டனில் வென்ற தலைமைச் சபை கோயிலை இழந்தது. அங்கே தோற்ற பங்குகள் கோயிலோடு வீடு திரும்பின.

மேக்கன், 1979: பத்திரத்தைப் பார், கொள்கையைப் பார்க்காதே

அதே ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் உள்ள வைன்வில் பிரெஸ்பிட்டேரியன் கோயிலில் 1973 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. விலகுவதற்கு ஆதரவாக 164 பேர், எதிராக 94 பேர். மேல் அமைப்பின் ஆணையமோ, எதிர்த்து வாக்களித்த 94 பேரே உண்மையான சபை என்று அறிவித்தது. ஜோன்ஸ் எதிர் உல்ஃப் என்ற பெயரில் இது உச்ச நீதிமன்றம் போய், 1979 ஜூலையில் 5-க்கு 4 என்ற மெல்லிய பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. இன்றுவரை எல்லா வழக்குகளுக்கும் அடித்தளம் இதுதான்.

நீதிபதி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, மாநிலங்கள் பழைய பணிந்து ஏற்றல் முறையையும் வைத்துக்கொள்ளலாம். விரும்பினால் 'நடுநிலை விதிகள்' முறையையும் பின்பற்றலாம். இரண்டாவது முறையில் ஒரு வணிக நிறுவனத்தின் சொத்துத் தகராறைப் போலவே கோயில் தகராறும் தீர்க்கப்படும். நீதிபதி பார்க்க வேண்டியவை நான்கு:

1. கோயில் நிலத்தின் பத்திரம்;
2. பங்கின் பதிவு ஆவணமும் துணைவிதிகளும்;
3. மாநிலத்தின் சொத்துச் சட்டமும் டிரஸ்ட் சட்டமும்;
4. தலைமைச் சபையின் அமைப்பு விதியில் சொத்து பற்றிய பகுதிகள். அவற்றையும் இறையியல் கலக்காத கண்ணோடு மட்டுமே வாசிக்க வேண்டும்.

இம்முறை தலைமைச் சபைகளுக்கு அநீதி என்று நீதிபதி பவல் மறுத்து எழுதினார். அதற்குப் பதிலாகப் பெரும்பான்மையினர் ஒரு வழி காட்டினர்: தகராறு எழுவதற்கு முன்பே பத்திரத்தைத் திருத்தலாம், அல்லது தலைமைச் சபையின் அமைப்பு விதியிலேயே வெளிப்படையான டிரஸ்ட் ஒன்றை எழுதிக்கொள்ளலாம், அதற்கான சுமை மிகச் சிறியதே, சட்டம் ஏற்கக்கூடிய வடிவத்தில் அது இருந்தால் நீதிமன்றங்கள் அதை மதிக்கும்.

கடைசியில் வரும் 'சட்டம் ஏற்கக்கூடிய வடிவத்தில்' என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். அடுத்த நாற்பது ஆண்டு வழக்குகள் முழுவதும் இந்த ஒரு சொற்றொடரின் மேல்தான் ஏறி நிற்கின்றன.

மேக்கன் கோயிலைப் பொறுத்தவரை, வழக்கு திரும்பி வந்தபோது ஜார்ஜியா நீதிமன்றம் பெரும்பான்மை விதியைப் பின்பற்றியது. 164 பேரின் தரப்பே கோயிலை வைத்துக்கொண்டது.

இரண்டு மாதத்தில் எழுதப்பட்ட விதி

தீர்ப்பு ஜூலையில். செப்டம்பரில் டென்வர் நகரில் எபிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுமாநாடு கூடியது. ஒவ்வொரு பங்கின் சொத்தும் தலைமைச் சபைக்காகவும் மறைமாவட்டத்துக்காகவும் டிரஸ்ட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற விதி அங்கே நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த நியூயார்க் குருவின் பெயரால் இது 'டென்னிஸ் கானன்' எனப்படுகிறது. கானன் என்றால் திருச்சபைச் சட்டப் பிரிவு. 1983 இல் இணைப்பின் வழி உருவான அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையும் இத்தகைய பிரிவைத் தன் விதிநூலில் வைத்தது. மெதடிஸ்டுகளுக்கு இந்தத் தேவையே எழவில்லை. ஜான் வெஸ்லி காலத்து மாதிரிப் பத்திரத்திலிருந்து வந்த டிரஸ்ட் வாசகம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அவர்களது விதிநூலில் உண்டு.

இங்கேதான் சட்டம் நெருடுகிறது. சாதாரண வாழ்க்கையில் டிரஸ்ட் எழுதக்கூடியவர் சொத்தின் உரிமையாளர் மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூட்டம் போட்டு, உங்கள் வீடு எனக்காக டிரஸ்ட்டில் இருக்கிறது என்று தீர்மானம் நிறைவேற்றினால் அது வெறும் காகிதம். டென்னிஸ் கானன் அப்படிப்பட்டதா, அல்லது பங்குகள் தங்கள் பிரதிநிதிகள் வழியாக, உறுப்பினராக இருந்துகொண்டே ஒப்புக்கொண்ட விதியா? இந்தக் கேள்விக்கு மாநிலங்கள் அளித்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. 2003 இல் நியூ ஹாம்ப்ஷையர் மறைமாவட்டம் ஓரினச் சேர்க்கையாளரான ஜீன் ராபின்சனை பிஷப்பாகத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து பங்குகள் வரிசையாக விலகத் தொடங்கியபோது அந்த முரண் வெளியே வந்தது.

*கலிஃபோர்னியா.* 2009 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் நியூபோர்ட் பீச் பங்கின் வழக்கில் தலைமைச் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்திரம் பங்கின் பெயரில் இருந்தாலும், பங்கு தொடக்கத்திலிருந்தே தலைமைச் சபையின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்திருந்தது; டென்னிஸ் கானன் அந்த விதிகளில் ஒன்று.

*சவானா, மறுபடியும்.* 1733 இல் தொடங்கிய கிறைஸ்ட் சர்ச் ஜார்ஜியாவின் மிகப் பழைய கோயில்களுள் ஒன்று. ஜான் வெஸ்லியே அங்கே சில காலம் குருவாக இருந்தவர். அதன் சேகரக் கமிட்டி 2007 இல் விலக வாக்களித்தது. 2011 இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் கோயிலை மறைமாவட்டத்திடம் கொடுத்தது. 1969 இல் அதே நகரில் பிரெஸ்பிட்டேரியன் பங்குகளை வெல்ல வைத்த அதே நீதிமன்றம்தான் இது. நடுவில் மாறியது ஒன்றே ஒன்று: 1960களின் பிரெஸ்பிட்டேரியன் விதிநூலில் டிரஸ்ட் வாசகம் இல்லை, எபிஸ்கோப்பல் விதிநூலில் இருந்தது.

*வர்ஜீனியா.* ஃபால்ஸ் சர்ச் உள்ளிட்ட பங்குகள் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தன. ஒரு திருச்சபை பிளவுபட்டால் எந்தக் கிளையோடு சேர்வது என்று பங்கின் பெரும்பான்மையினர் முடிவு செய்யலாம் என்பது அதன் சாரம். முதல் சுற்றில் அது பலித்தது. 2010 இல் மாநில உச்ச நீதிமன்றம், அவர்கள் சேர்ந்த புதிய அமைப்பு எபிஸ்கோப்பல் திருச்சபையின் கிளை அல்ல என்று சொல்லி அந்த வழியை அடைத்தது. இறுதியில் மறைமாவட்டமே வென்றது. 2014 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

*டெக்சஸ்.* ஃபோர்ட் வொர்த் மறைமாவட்டம் 2008 இல் முழுதாக வெளியேறியது. பத்து கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சொத்து. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2020 இல் விலகியவர்கள் பக்கம் நின்றது. டென்னிஸ் கானனால் ஒரு டிரஸ்ட் உருவானது என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் திரும்பப் பெற முடியாதது என்று எங்கும் எழுதவில்லை. மாநிலச் சட்டப்படி அத்தகைய டிரஸ்ட்டை ரத்து செய்யலாம் என்பது அந்த மாநிலத்தின் வாசிப்பு. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதிலும் தலையிட மறுத்தது. கலிஃபோர்னியாவில் கோயிலைக் காப்பாற்றிய அதே வாசகம், டெக்சஸில் ஒரு சொல் குறைந்ததால் கரைந்துபோனது.

*தென் கரோலினா.* கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 29 கோயில்களின் கதைக்கு முன்கதை உண்டு. பாலீஸ் ஐலண்ட் பகுதியின் ஆல் செயின்ட்ஸ் பங்கு வழக்கில், சொத்தின் உரிமையாளர் அல்லாத ஒருவர் அதன் மேல் டிரஸ்ட் அறிவிக்க முடியாது என்று 2009 இல் அம்மாநில நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. 1745 ஆம் ஆண்டின் மூலப் பத்திரம், 1903 இல் மறைமாவட்டமே எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் என்று அந்தப் பங்கின் கையில் காகிதம் வலுவாக இருந்தது. அந்தத் தீர்ப்பு தந்த தைரியத்தில் மற்ற பங்குகளும் விலகின. 2017 இல் வந்த தீர்ப்போ ஐந்து நீதிபதிகள் எழுதிய ஐந்து தனித்தனிக் கருத்துகள். அதன் பொருள் என்ன என்று கீழ் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கே நடந்து, 2020 இல் கீழ் நீதிபதி விலகிய பங்குகளுக்குச் சாதகமாக முடிவு சொன்னார். 2022 இல் மேல் நீதிமன்றம் கடைசியாகப் பங்கு பங்காகத் துணைவிதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தப் பங்கு தேசியச் சபையின் கானன்களை ஏற்பதாக எழுதியதா, எழுதியது எந்தச் சொற்களில் என்று பார்த்தது.

ஒரு சேகரக் கமிட்டி எப்போதோ ஒரு மாலைக் கூட்டத்தில், நிகழ்ச்சிநிரலின் கடைசி அம்சமாக, 'இப்பங்கு திருச்சபையின் அமைப்பு விதிக்கும் கானன்களுக்கும் உட்பட்டது' என்ற வரியைத் துணைவிதியில் சேர்த்திருந்தால் அது கோயிலின் விலையாகிவிட்டது. பக்கத்துப் பங்கு அந்த வரியை எழுத மறந்திருந்தால் அந்த மறதியே அதைக் காப்பாற்றியது.

நடுநிலை உண்மையில் நடுநிலையா?

1979 தீர்ப்பு, நீதிபதியை இறையியலிலிருந்து விலக்கி வைத்தது சரியே. சவானாவின் ஜூரிகளை நினைத்தால் அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் 'சிறிய சுமை' என்ற கணிப்பு பொய்த்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தலைமைச் சபைக்கு ஒரு விதி எழுதுவது எளிது. ஆயிரக்கணக்கான பத்திரங்களை ஒவ்வொரு மாநிலப் பதிவு அலுவலகத்திலும் திருத்துவது எளிதல்ல. பங்குகளின் பக்கமோ, மூன்று தலைமுறையாகக் காணிக்கை போட்டுக் கூரை வேய்ந்தவர்கள் டென்வரில் நடந்த வாக்கெடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதே வழக்கறிஞரின் நோட்டீஸ் வந்த பிறகுதான் என்பது பல இடங்களில் உண்மையாக இருந்திருக்கும். இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியக்கூடிய விதி என்பதே அம்முறையின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அந்த முன்கூட்டிய தெளிவுதான் கிடைக்கவில்லை.

கத்தோலிக்கப் பங்குகளில் கதை வேறு

கத்தோலிக்கத் திருச்சபையில் பிரிந்து போகும் பங்குகள் அரிது. அங்கே வழக்கு வருவது பெரும்பாலும் ஆயர் ஒரு பங்கை மூடும்போது. திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது தனக்கென உரிமையுள்ள ஒரு சட்ட ஆள். அதன் சொத்து அதனுடையது. ஆனால் அமெரிக்க மாநிலச் சட்டத்தில் பல இடங்களில் அந்தப் பங்குக்குத் தனி உருவமே இல்லை. பாஸ்டனில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பேராயர் என்ற பதவியே ஒரு நிறுவனம். ஒருவர் இறந்து இன்னொருவர் வந்தாலும் சொத்து பதவியோடு தொடரும். இதை 'ஒருநபர் நிறுவனம்' எனலாம். நியூயார்க்கிலோ 1863 முதல் ஒவ்வொரு பங்கும் ஐந்து பேர் கொண்ட தனி நிறுவனம்: ஆயர், அவரது முதன்மைக் குரு, பங்குத்தந்தை, பொதுநிலையினர் இருவர். ஐவரில் மூவர் ஆயரின் கையில் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பது புரியும். பொதுநிலையினர் நிர்வாகக் குழுக்கள் சாவியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு ஆயரோடு மோதிய 19ஆம் நூற்றாண்டுப் பூசல்களின் எச்சம் அது.

பாஸ்டன் உயர்மறைமாவட்டம் 2004 இல் பல பங்குகளை மூடுவதாக அறிவித்தது. கடலோர ஊரான சிச்சுவேட்டில், புனித பிரான்செஸ் சேவியர் கப்ரீனி கோயிலின் மக்கள் அக்டோபரில் உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. எந்த நேரமும் ஒருவராவது கோயிலுக்குள் இருக்கும்படி முறை வைத்துக்கொண்டு, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். கோயில் காலியாகும் ஒரு மணி நேரத்தில் பூட்டு மாற்றப்பட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2015 இல் மாநில நீதிமன்றம் அவர்களை வெளியேறச் சொன்னது. பணத்தை யார் கொடுத்தார்கள் என்பது கேள்வியே அல்ல. பத்திரம் பேராயரின் பெயரில் இருந்தது. 2016 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுக்க, அம்மாதத்தின் கடைசி ஞாயிறு இறுதி வழிபாடு நடத்திவிட்டு வெளியேறினார்கள்.

இதற்கு நேர் எதிர், செயின்ட் லூயிஸ் நகரின் போலந்து மக்களது புனித ஸ்டானிஸ்லாஸ் கோயில். 1891 இல் அன்றைய பேராயரே சொத்தை ஒரு பொதுநிலையினர் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 2000களில் வந்த பேராயர் ரேமண்ட் பர்க் அதைத் திரும்பக் கேட்டபோது நிர்வாகக் குழு மறுத்தது; 2005 டிசம்பரில் குழுவினரும் அவர்கள் அழைத்து வந்த குருவும் திருச்சபை விலக்குக்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. 2012 இல் நீதிமன்றம் பங்கு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு சமரசத்தில் உயர்மறைமாவட்டம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. கோயில் இனி கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளாது என்று பங்கு ஒப்புக்கொண்டது. கட்டிடம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்.

பாஸ்டனில் எல்லாம் ஆயருடையது என்று வாதாடிய அதே ஆண்டில், நாட்டின் மறுகோடியில் தலைகீழான வாதம் எழுந்தது. சிறார் பாலியல் துன்புறுத்தல் வழக்குகளின் இழப்பீட்டுச் சுமையால் 2004 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் உயர்மறைமாவட்டமும், டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் மறைமாவட்டமும் திவால் மனு செய்தன. பங்குக் கோயில்களும் பள்ளிகளும் ஆயர் பெயரில் இருப்பதால் அவற்றையும் விற்று இழப்பீடு தர வேண்டும் என்று பாதிக்கப்பட்டோர் தரப்பு கேட்டது. ஆயர் வெறும் டிரஸ்டி, சொத்து பங்கு மக்களுடையது, திருச்சபைச் சட்டத்தைப் பாருங்கள் என்பது மறைமாவட்டங்களின் பதில். 2005 இல் இரு ஊர்களின் திவால் நீதிமன்றங்களும் இந்தப் பதிலை ஏற்கவில்லை. ஸ்போகேனில் மேல் நீதிபதி 2006 இல் அதை மாற்றினார். முழு விடை வருவதற்குள் இரண்டு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. அதற்குப் பின் பல மறைமாவட்டங்கள் தங்கள் பங்குகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியதற்கு மேய்ப்புப்பணிக் காரணங்கள் சொல்லப்படலாம்; கடன்காரர் காரணம்தான் முதலாவது என்று நினைக்கிறேன்.

வழக்குக்குப் பதிலாக விலை

தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாதபோது இரு தரப்பும் பேரத்துக்கு வருவது இயல்பு. பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையில் 2014 இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் பங்கு 88.9 லட்சம் டாலர் கொடுத்துக் கோயிலோடு வெளியேறியது. அதே ஆண்டு டாலஸ் நகரின் ஹைலண்ட் பார்க் பங்கு 78 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை இந்தப் பேரத்தை விதியாகவே எழுதியது. ஓரினச் சேர்க்கை பற்றிய பிளவு முற்றிய நிலையில் 2019 இல் சேர்க்கப்பட்ட 2553ஆம் பிரிவின்படி, பங்கின் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால், இரண்டு ஆண்டுகளுக்கான மேல்நிலைப் பங்களிப்பையும் குருக்களின் ஓய்வூதியப் பாக்கியில் தன் பங்கையும் செலுத்திவிட்டு, டிரஸ்ட் வாசகத்திலிருந்து விடுதலை பெற்றுக் கோயிலோடு போகலாம். 2023 டிசம்பர் 31 வரைதான் அவகாசம். அதற்குள் 7,600க்கும் மேற்பட்ட பங்குகள், அதாவது அமெரிக்காவிலிருந்த மெதடிஸ்ட் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, வெளியேறின. எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நீதிமன்றம் சென்றவை சிலவே. அவற்றிலும் பல, கேட்கப்படும் தொகையையும் கெடுவையும் எதிர்த்தவை.

2024 இல் சார்லட் நகரில் கூடிய பொதுமாநாடு ஓரினச் சேர்க்கையாளர்கள் குருவாவதற்கான தடையை நீக்கியதோடு, 2553ஆம் பிரிவையும் விதிநூலிலிருந்து எடுத்துவிட்டது. வெஸ்லி காலத்து டிரஸ்ட் வாசகம் விதிநூலில் அப்படியே இருக்கிறது. இனி விலக நினைக்கும் மெதடிஸ்ட் பங்கு, மேலமைப்பின் சம்மதத்தைப் பெற வேண்டும். அது கிடைக்காவிட்டால் தன் மாநில நீதிமன்றத்தில் மூலப் பத்திரத்தை விரித்து வைக்க வேண்டும்.